கேரியரைப் பிடித்தவர்களையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வருகிற தன்னம்பிக்கைப் பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இருபது வருஷமாக எங்கள் வீட்டில் உங்கள் பேப்பர்தான், அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடம் இல்லை என்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் சைக்கிள் விஷயத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் புதுக்கோட்டை மாவட்டம், அன்னவாசல் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். வயது 57. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் இந்த வருஷம் பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் போய்விட்டாள். 22 மார்க். மற்ற நாலு பாடமும் பாஸ். மூன்று நாள் அவள் வெளியே வரவே இல்லை, அம்மாக்காரி பயந்துபோய் உங்கள் பேப்பரில் வந்த அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, சோற்றுப் பருக்கையைத் தேய்த்து, படிக்கிற இடத்துக்கு நேராகச் சுவரில் ஒட்டிவிட்டாள். எதிர்மறை எண்ணங்களைத் தூக்கி எறியுங்கள், முடியும் என்று காலையில் எழுந்ததும் பத்து முறை சொல்லுங்கள், நினைப்பதுதான் நடக்கும் என்று வரிசையாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே அந்தப் பெண் அதைக் கிழித்துப் போட்டாள். அம்மா என்னிடம் வந்து அழுதாள். நான் போய் என்னடி இது என்று கேட்டதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"முடியாதுன்னு நெனச்சுக்கிட்டா அத்தை நான் பரீட்சை எழுதப் போனேன்? முடியும்னுதான் நெனச்சேன். அப்புறம்தான் கொஸ்டின் பேப்பர் குடுத்தாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும்தான். மூன்று நாளில் அவள் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான் என்று அவள் அம்மா பிறகு சொன்னாள். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் அந்தப் பிள்ளை சொன்னதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நினைத்தால் நடக்கும் என்று எழுதினால், நடக்காதவள் சரியாக நினைக்கவில்லை என்றுதானே ஆகிறது? கணக்கில் போனது ஒரு குற்றம், சரியாக நம்பாமல் போனது இன்னொரு குற்றம். ஏற்கெனவே தலையில் சுமை இருக்கிறவளுக்கு மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு, பூ வைத்திருக்கிறேன் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது.

மனசு ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. செய்யும். ஆனால் நம்பிக்கை முதலில் வரும், அதற்குப் பின்னால் காரியம் நடக்கும் என்று நீங்கள் எழுதுகிற வரிசை இருக்கிறதே, என் அனுபவத்தில் அது தலைகீழ். நான் பார்த்தவரை நம்பிக்கை என்பது கூலி மாதிரி, வேலை முடிந்து சாயங்காலம்தான் கைக்கு வரும். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால் சைக்கிள்.

1991, 92ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் எட்டாவது வரை படித்திருந்ததால் தொண்டராகச் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது. எனக்கு அப்போது 23 வயது, இடுப்பில் ஒரு பையன். எங்கள் தெருவில் பன்னிரண்டு பெண்கள் ராத்திரி அரிக்கேன் விளக்கில் உட்காருவார்கள், பகலெல்லாம் ஜல்லி உடைத்துவிட்டு வந்து சிலேட்டில் 'பட்டா' என்று எழுதுவார்கள். அந்த வார்த்தையைப் படித்ததும் ஒரு கிழவி, இந்தக் காகிதத்தைத்தான்டி எங்கிட்ட காட்டாம ஏமாத்துனானுங்க என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சரி, அது வேறு கதை.

அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வதையும் அறிவொளியில் ஒரு பகுதியாகச் சேர்த்தது அவர்தான். ஊருக்கு ஊர் போக வேண்டிய தொண்டர்கள், பஸ்ஸை நம்பினால் எங்கே போவது? எங்கள் ஊருக்குக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, அதுவும் வந்தால்தான் உண்டு. அதனால் சைக்கிள். படிக்க வந்த பெண்களும் எங்களுக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கிளம்பினார்கள். இப்போது இதைக் கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அப்போது எங்கள் பக்கத்தில் ஒரு பெண் சைக்கிளில் உட்கார்ந்தால் டீக்கடையில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள், மரியாதைக்கு இல்லை. "ஏய், பால் வண்டி வருது, ஒதுங்கு ஒதுங்கு" என்பார்கள். என் மாமியார் ஒரே வாக்கியம்தான் சொன்னார்: பொம்பள கால அகட்டி உக்காந்தா குடும்பம் வெளங்குமா.

எனக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து ஊர் அக்கா ஒருத்தர், கல்குவாரி வேலை செய்கிறவர், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், கையெல்லாம் காய்ப்பு. தண்ணி வற்றிக் கிடந்த கம்மாய்தான் இடம். இருட்டுகிற நேரம்தான் நேரம், ஆள் பார்க்காமல் இருக்க. வாடகை சைக்கிள், மட்கார்டில் வெள்ளைப் பெயின்ட்டில் 7 என்று நம்பர் போட்டிருக்கும். பார் வைத்த ஆம்பளை சைக்கிள்தான். லேடீஸ் சைக்கிளுக்கு அவ்வளவு தட்டுப்பாடு அப்போது, மாவட்டம் முழுக்கவே கிடைக்கவில்லை. பிறகு பார்த்தால் பார் இருப்பதே வசதியாகப் போய்விட்டது, பிள்ளையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போகலாம்.

முதல் நாள் அந்த அக்கா என்னிடம் உன்னால முடியும் என்று சொல்லவே இல்லை. அவர் சொன்னது: "பத்துத் தடவ விழுவே. எண்ணிக்கிட்டே வா."

இதைத்தான் நான் முப்பது வருஷமாக யோசித்துக்கொண்டு இருக்கிறேன் ஐயா. முடியும் என்று சொல்லியிருந்தால் முதல் தடவை விழுந்ததுமே அக்கா சொன்னது பொய் ஆகியிருக்கும், நமக்கு இது வராது என்று சேலையை உதறிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். விழுவே என்று சொன்னதால் விழுந்ததும் ஒன்று என்று எண்ணினேன். இரண்டாவது தடவை செயினில் சேலை மாட்டி, கரண்டைக்கால் கிழிந்து ரத்தம் வந்தது, அந்தத் தழும்பு இடது காலில் இன்னும் இருக்கிறது. ரெண்டு, என்றார் அக்கா. மூன்றாவது தடவை நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். கீழே சக்கரத்தைப் பார்க்காதே, தூரத்தில் இருக்கிற அந்தப் புளியமரத்தைப் பார் என்றார். பார்த்தேன். பார்த்த இடத்துக்குத்தான் சைக்கிள் போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. நேராகப் போய் புளியமரத்தில் முட்டினேன். (இலக்கிலிருந்து கண்ணை எடுக்காதே என்று உங்கள் பக்கத்தில் அடிக்கடி வரும். வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரம்தான் ஞாபகம் வரும்.) ஒவ்வொரு தடவை விழும்போதும் கடன் பாக்கி குறைகிற மாதிரி இருந்தது. இன்னும் ஏழு, இன்னும் ஆறு. எட்டாவது தடவைக்கு மேல் விழவில்லை. பாக்கி இரண்டு இருக்கிறது என்று இப்போதும் விளையாட்டாகச் சொல்லிக்கொள்வேன்.

இன்னொன்று. எல்லோரும் சைக்கிள் பழக்கும்போது, பிடிச்சிருக்கேன் போ போ என்று சொல்லிக்கொண்டே கையை விட்டுவிடுவார்கள் இல்லையா, அந்த அக்கா அப்படிச் செய்யவில்லை. "மூணாவது வேப்பமரம் வந்ததும் விட்டுருவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏன்க்கா சொல்றீங்க, சொல்லாம விட்ருங்க என்று கெஞ்சினேன். "ஏமாத்தி ஓட வச்சா நாளைக்கு நான் சொல்றத நம்ப மாட்டே" என்றார். மூன்றாவது வேப்பமரத்தில் விட்டார். பயத்தோடுதான் ஓட்டினேன். பயம் போன பிறகு ஓட்டலாம் என்று காத்திருந்தால் நான் இன்னும் அந்தக் கம்மாய்க்குள்தான் நின்றுகொண்டு இருப்பேன்.

1992 மார்ச் மகளிர் தினத்தன்று புதுக்கோட்டை டவுனில் பெண்களின் சைக்கிள் ஊர்வலம் நடந்தது. 1,500 பேருக்கு மேல். ஹேண்டில்பாரில் கொடி, எல்லோரும் ஒரே நேரத்தில் மணி அடித்துக்கொண்டு. நானும் போனேன். வெற்றி ஊர்வலத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போயிருப்பேன் என்றுதானே நினைப்பீர்கள்? கிடையாது. நான் விழுந்தால் பின்னால் வருகிற பத்துப் பேரும் விழுவார்களே என்று வழி முழுக்க அதே நினைப்பு. பிரேக்கை இறுக்கிப் பிடித்து விரல் மரத்துப்போய்விட்டது. ஆனால் சுற்றிலும் பார்த்தால் எல்லோர் முகத்திலும் அதே பயம், அதே சிரிப்பு. நமக்கு மட்டும்தான் நடுங்குகிறது என்ற எண்ணம் அன்றைக்குத்தான் எனக்குப் போனது. நடுக்கம் போகவில்லை, 'மட்டும்' போனது. அதுவே போதுமாக இருந்தது.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அந்தக் காலகட்டத்தில் எங்கள் மாவட்டத்தில் சைக்கிள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பத்து வயதுக்குக் கீழே இருக்கிற சிறுமிகளை விட்டுவிட்டுப் பார்த்தால் கிராமத்துப் பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல். ஒரே மாவட்டத்தில் லட்சம் பெண்களுக்கு ஒரே சமயத்தில் நேர்மறை எண்ணம் வந்துவிட்டதா என்ன? சைக்கிள் வாங்கத் தொண்டர்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க கலெக்டர் ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் இன்ன வேலை என்று பிரித்துக்கொடுத்தார்கள். பழக்கிவிட ஆள் இருந்தது. சேர்ந்து விழ ஆள் இருந்தது. இதெல்லாம் இருந்ததால் மனசும் வந்தது. இதை விட்டுவிட்டு மனசை மட்டும் தனியாக எடுத்துச் சுவரில் ஒட்டினால் அது ஒட்டாது.

என் மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். அவரிடம் நான் ஒரு வார்த்தை வாதாடவில்லை. குடிதண்ணீருக்கு ஒன்றரை மைல் போக வேண்டும் அப்போது. ஒரு நாள் கேரியரில் இரண்டு குடத்தைக் கட்டிக்கொண்டு போய், அடுப்பில் உலை கொதிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, குடத்தை மட்டும் இறக்கி வைத்தார். மறுநாள் விடிகாலையில் எழுந்து பார்த்தால் கழுவிய குடம் இரண்டும் சைக்கிள் பக்கத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் நடந்த மனமாற்றம் அவ்வளவுதான், வசனமே கிடையாது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. எங்கள் பன்னிரண்டு பேரில் சைக்கிள் கற்றுக்கொண்டது ஒன்பது பேர். மூன்று பேர் கற்றுக்கொள்ளவில்லை. அதில் ஒருத்தி, களத்துமேட்டில் வந்த சாரைப்பாம்பை வாலைப் பிடித்துச் சுழற்றி வேலிக்கு அந்தப் பக்கம் வீசியவள். தைரியத்தில் நாங்கள் பதினொரு பேரும் அவள் கால்தூசிக்குப் பெற மாட்டோம். வீட்டுக்காரன், சைக்கிளைத் தொட்டால் காலை ஒடிப்பேன் என்றான். ஒடிக்கக்கூடிய ஆள்தான் அவன். அவளுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று யாராவது எழுதினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

பாம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. என் மகள் பி.எட். படித்தபோது உளவியல் பாடத்தில் ஆல்பர்ட் பாண்டுரா என்று ஒருவரைப் பற்றி வரும். கனடாவில் பிறந்து அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 2021ல் இறந்தார். பாடத்தை ஒப்பிக்க ஆள் வேண்டும் என்று என்னைத்தான் உட்கார வைப்பாள், அப்படிக் காதில் விழுந்தது. என்னால் இது முடியும் என்கிற எண்ணம் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று அவர் 1977லேயே எழுதியிருக்கிறார். தானே செய்து பார்த்தது ஒன்று, தன்னை மாதிரி இன்னொருத்தர் செய்வதைப் பார்த்தது ஒன்று, மற்றவர்கள் உன்னால் முடியும் என்று சொல்வது ஒன்று, உடம்பின் படபடப்பை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது ஒன்று. இந்த நாலில் பலமானது தானே செய்து பார்த்தது. சும்மா வாயால் சொல்கிற ஊக்கத்துக்கு அவ்வளவு பலம் இல்லை. பாம்பைக் கண்டாலே உயிர் போகிறவர்களை வைத்து அவர் பார்த்திருக்கிறார். பயப்படாதே என்று பேசிக்கொண்டு இருக்கவில்லை. முதலில் கூடவே ஒருவர் பாம்பைத் தொட்டுக் காட்டுவார், பிறகு இவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டப் போவார்கள், கையுறை போட்டுத் தொடுவார்கள், கடைசியில் வெறுங்கையால். தொட்ட பிறகுதான் பயம் இறங்கியது. என் மகள் இதை ஒப்பிக்கும்போது நான், இது எங்க கம்மாய்க் கதைதானே, இதுக்கு ஸ்டான்ஃபோர்டு வரைக்கும் போகணுமா என்றேன். அவளுக்குக் கோபம்.

அப்புறம் இன்னொன்றும் அவள்தான் போனில் காட்டினாள். 2009ல் கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோவன் வுட் என்பவரும் கூட இருந்தவர்களும் செய்த ஆய்வு. நான் அன்புக்குரியவள் என்ற மாதிரி ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே தன்மேல் மதிப்பு இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்ததாம். தன்னைத் தாழ்வாக நினைக்கிறவர்களுக்கு, அதாவது யாருக்காக நீங்கள் அந்தப் பக்கத்தை எழுதுகிறீர்களோ அவர்களுக்கு, சொல்லச் சொல்ல இன்னும் மோசமாகத்தான் இருந்திருக்கிறது. வாய் சொல்வதை உள்ளே இருக்கிற ஆள் மறுத்துக்கொண்டே இருப்பார் போல. அந்தப் பிள்ளை காகிதத்தைக் கிழித்ததில் என்ன தப்பு?

உங்கள் பக்கத்தில் மாரியப்பன் தங்கவேலு பற்றியும் வந்திருந்தது. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், அதனாலேயே இதைச் சொல்கிறேன். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர், ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகிற வழியில் பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது, 2016ல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். நீங்களும் இத்தோடு முடித்துவிட்டீர்கள், எல்லோரும் இங்கேதான் முடிக்கிறார்கள். எனக்கு இதற்குப் பிறகு வருகிற கதைதான் முக்கியம். அடுத்த பாராலிம்பிக் டோக்கியோவில், அதன் தொடக்க விழாவில் இந்தியக் கொடியை அவர்தான் ஏந்துவதாக இருந்தது. விமானத்தில் கொரோனா வந்த ஒருவரோடு தொடர்பு ஏற்பட்டுவிட்டது என்று தனிமையில் வைத்துவிட்டார்கள், கொடியை வேறொருவர் ஏந்தினார். போட்டி அன்றைக்கு மழை. ஊனமான காலில் போட்டிருந்த காலுறை நனைந்து கனத்துவிட்டது, இல்லையென்றால் இன்னும் தாண்டியிருப்பேன் என்று அவரே சொன்னார். 1.86 மீட்டர், வெள்ளி. 2024 மே மாதம் ஜப்பானில் உலகப் போட்டியில் 1.88 தாண்டித் தங்கம். அதே வருஷம் பாரீஸ் பாராலிம்பிக்கில் 1.85, வெண்கலம்.

பாராலிம்பிக் கணக்கை மட்டும் பார்த்தால் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று இறங்குகிறது. ஏறிக்கொண்டே போக வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இது சங்கடமாக இருக்கலாம். எனக்கு என்னவோ 1.89ஐ விட அந்த 1.85தான் பெரிதாகத் தெரிகிறது. உச்சத்தைத் தொட்ட ஆள், இனி அது வருமா வராதா என்று தெரியாமலேயே எட்டு வருஷம் தினமும் போய் அந்தக் கம்புக்கு முன்னால் நின்றிருக்கிறார். அதோடு, செங்கல் சுமந்து, காய்கறி விற்று, கடன் வாங்கி அந்தக் காலுக்கு வைத்தியம் பார்த்த அம்மா. தாண்டு என்று களத்தில் இறக்கிவிட்ட பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார். பெங்களூருக்குக் கூட்டிப்போய்ப் பழக்கிய பயிற்சியாளர். உங்கள் கட்டுரையில் இவர்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு வரி. 'விடாமுயற்சி' என்ற வார்த்தை மட்டும் ஆறு இடத்தில் இருந்தது, எண்ணினேன்.

சரி, அந்தப் பெண் விஷயத்துக்கு வருகிறேன். நான் எட்டாவது, அவள் பத்தாவது, நான் என்ன கணக்குச் சொல்லிக்கொடுக்க? ஆனால் என் மகளிடம் போனில் கேட்டேன். அவள் சொன்னாள், அம்மா, கணக்குப் பேப்பரில் 100க்கு 16 மார்க் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் போகிறது, எட்டு எட்டாக இரண்டு கேள்வி, பென்சில், ஸ்கேல், காம்பஸ் இருந்தால் பழகிக்கொள்ளலாம், பாஸாக 35 போதும், முதலில் அதைப் பிடிக்கச் சொல். அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டால் பரீட்சையில் அவள் அந்த இரண்டையும் தொடவே இல்லையாம். காம்பஸ் முனை ஆடுகிறது, வட்டம் போட்டால் சேராது, அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டாளாம். 16 மார்க் ஆடுகிற ஒரு காம்பஸில் போயிருக்கிறது. அன்னவாசல் கடைத்தெருவுக்குப் போய் நல்லதாக ஒன்று வாங்கி வந்தேன்.

"பத்துத் தடவ தப்பாப் போடுவே, எண்ணிக்கிட்டே வா" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணை. அவள் வரைவாள், நான் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்வேன். வடிவொத்த முக்கோணம் என்று ஒன்று, ஒரு முக்கோணத்துக்குப் பக்கத்தில் அதே சாயலில் சின்னதாகவோ பெரியதாகவோ இன்னொன்று. அம்மாவும் பிள்ளையும் மாதிரி இருக்கும் என்று அவளே சொன்னாள். எனக்கு அது சரியா தப்பா என்று தெரியாது. ஆனால் இணையாகப் போக வேண்டிய கோடு இணையாகப் போகவில்லை என்றால் கீரை ஆய்கிறவளுக்கும் கண்ணில் படும். என்னடி இது ஒரு பக்கமாச் சாயுது என்பேன். அழித்துவிட்டு மறுபடி போடுவாள். முதல் வாரம் நோட்டு முழுக்க ரப்பர் தேய்த்த கறுப்பு. ஒன்பதாவதோடு எண்ணுவதை அவள் நிறுத்திவிட்டாள், நான் கவனித்தும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வரைபடம். நமக்கு இது ரொம்ப ஓவர் அத்தை என்று ஒரு நாள் நோட்டைத் தூக்கி எறிந்ததும் நடந்தது. அதையும் எழுத வேண்டும் இல்லையா. அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, சுண்டல் கொடுத்தேன்.

ஜூலையில் துணைத் தேர்வு எழுதினாள். முந்தின நாள் ராத்திரி வந்து, அத்தை எனக்குக் கை நடுங்குது, பாஸாக மாட்டேன்னு தோணுது என்றாள். அப்படி நினைக்காதே என்று வாய் வரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். தோணட்டும், நடுங்குற கையோடயே வட்டம் போடு, இத்தனை நாள் போட்ட கைதானே என்று மட்டும் சொன்னேன். எழுதிவிட்டு வந்தவளிடம் முதலில் கேட்டது, வட்டம் சேர்ந்ததா? சேர்ந்தது. வடிவியல் முழுசாகப் போட்டிருக்கிறாள், வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுத மறந்துவிட்டாளாம். ரிசல்ட் இன்னும் வரவில்லை. வந்த பிறகு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று இப்போதே எழுதுகிறேன். பாஸ் என்று வந்தால் நீங்கள் இதையும் ஒரு வெற்றிக் கதையாக்கிவிடுவீர்கள் என்று எனக்குக் கொஞ்சம் பயம்.

உங்களிடம் கேட்பது பெரியதாக ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தை நிறுத்த வேண்டாம், எங்கள் தெருவில் நிறையப் பேர் அதற்காகவே இணைப்பை எடுக்கிறார்கள். ஜெயித்தவரைப் பற்றி எழுதும்போது அவர் எத்தனை தடவை விழுந்தார் என்ற எண்ணிக்கையையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். யார் பிடித்தார்கள், எவ்வளவு தூரம் பிடித்தார்கள், செலவு என்ன, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும். எப்போதாவது ஒரு வாரம் ஜெயிக்காத ஒருவரைப் பற்றி, அவர் இப்போது என்ன செய்துகொண்டு இருக்கிறார் என்பதையும் போடுங்கள். படம் போடுகிறீர்களே, சூரிய உதயத்தில் மலை உச்சியில் ஒருவர் கையை விரித்துக்கொண்டு நிற்கிற படம், அது மட்டும் வேண்டாம். எங்கள் பக்கத்தில் அவ்வளவு பெரிய மலை கிடையாது.

பதினொன்றாம் வகுப்பு சேர்ந்தால் அரசாங்கத்தில் சைக்கிள் கொடுப்பார்கள். நேற்று அந்தப் பெண் வந்து, சைக்கிள் வந்தா முதல் ரவுண்டு நீங்கதான் அத்தை ஓட்டணும் என்றாள். முழங்கால் வலி வந்ததில் இருந்து நான் சைக்கிளைத் தொட்டு எட்டு வருஷம் ஆகிறது. பார்க்கலாம்டி என்று சொல்லி அனுப்பினேன். ராத்திரி படுத்தால், மூன்றாவது வேப்பமரத்துக்கு முன்னால் இருந்த அதே கலக்கம் வயிற்றில். பாக்கி இரண்டு தடவை வேறு இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி
அன்னவாசல் பக்கம், புதுக்கோட்டை மாவட்டம்

(பெயர் வேண்டாம். போட்டால் அந்தப் பெண் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.)